முப்பத்தொரு நாற்காலி

கேரட் விதைப் பொட்டலத்தின் பின்புறத்தில்
கணக்கு எழுதுகிறேன்.
விதைத்து முடித்த பொட்டலம்;
ஆட்டினால் உள்ளே இரண்டு மூன்று
இன்னும் கிலுகிலுக்கின்றன.

விருந்தாளிகள் நாற்பத்து மூன்று.
நாற்காலி முப்பத்தொன்று.
அதிலும் ஒன்று, தூண்டில்காரர்கள் வைத்திருக்கும்
மடக்கு முக்காலி.
"இடம் கிடைக்காதவர்கள் ஆடட்டும்"
என்கிறான் வித்தோல்ட்,
ஏணியில் நின்று ப்ளம் மரத்துக்கு
விளக்குச் சரம் கட்டிக்கொண்டே.
வூட்ச் நகரத்து லிஃப்டுகளை
பதினெட்டு வருஷமாகப் பழுதுபார்ப்பவன்
ஏணியில் நின்றால் நடுங்குகிறான்.
கதவு இல்லாத உயரம் அவனுக்குப் பழக்கமில்லையாம்.

முதல் கல்யாணத்தில் எனக்கு
ஓட்டல், நூற்றெண்பது பேர்,
அன்னப்பறவை வடிவில் ஒரு பனிக்கட்டி.
கடனை நாலு வருஷம் அடைத்தேன்.
கல்யாணம் மூன்றிலேயே கரைந்துவிட்டது.
பறவை அன்று சாயங்காலமே.

இந்தத் தோட்டம் குத்தகை நிலத்தில் ஒரு துண்டு.
முப்பது எட்டு வைத்தால் வேலி.
ஒரு பலகைக் குடில், ராஸ்பெர்ரிப் புதர்,
வேலிக்கு அந்தப் பக்கம் டிராம் தண்டவாளம்.
செவ்வாய் தவிர மற்ற நாளில்
அதில் நான்தான் போய் வருகிறேன்.
சனிக்கிழமை கடந்து போகும்போதெல்லாம்
மணி அடிப்பதாக டிப்போவில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.
எழுதிக்கொள்கிறேன்:
இசைக்குழு, பூஜ்யம்.

பதிவாளர் தோட்டத்துக்கு வந்தால் ஆயிரம் ஸ்வோத்தி.
நாங்கள் அலுவலகம் போனால் எண்பத்து நான்கு.
அந்த ஆயிரத்தை நான்
உருளைக்கிழங்காக மாற்றிப் பார்த்தேன்,
பிறகு பீட்ரூட் சூப்பாக,
புகையில் வாட்டிய மீனாக.
ஆகவே வியாழக்கிழமை,
மதிய ஷிஃப்டுக்கு முன்,
கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தோம்.
நான் சீருடையில்.
அன்று முழுக்க டிக்கெட் இல்லாத யாரையும்
நான் முறைக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து எரஸ்ம் ஐயா
எங்கள் அடுப்புப் புகையைப் பற்றி
சங்கத்துக்கு மூன்று புகார் எழுதியவர்.
நான்காவதில் எங்கள் புதினா
அவர் எல்லையைத் தாண்டியதாகக் குற்றச்சாட்டு.
தாண்டியது உண்மைதான்.
அழைப்பை அவர் கதவுக்கடியில் தள்ளிவிட்டு
ஓடிவந்தேன், நாற்பத்தாறு வயதில்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது
தள்ளுவண்டியோடு வந்து நின்றார்.
உள்ளே எட்டு நாற்காலி.
பாலர் பள்ளியில் காவலாளியாக இருந்தவர்;
பள்ளி மூடியபோது தூக்கி எறிந்தவை.
மஞ்சள், நீலம், முழங்கால் உயரம்.
ஒன்றின் முதுகில் வாத்து.
"பாட்டு எத்தனை மணிவரை?" என்றார்.
"விதிப்படி, பத்து."
வாத்து ஒட்டிய நாற்காலியை நேராக்கி வைத்தார்.
"பத்தரை" என்றார்.
அவ்வளவுதான் பேசினார்.

முப்பத்தொன்பது.
இன்னும் நாலு பேர் ஆடவேண்டியிருக்கும்.

கணக்கில் ஒரு வரி காலியாகவே இருக்கிறது:
மழை.
கூடாரம் வாடகை கையைக் கடிக்கும் தொகை.
மேகம் வேறு காலையிலிருந்து
ஒரு முடிவும் சொல்லாமல் நிற்கிறது.
குடிலில் ஒன்பது பேர் நிற்கலாம்,
மண்வெட்டிகளை வெளியே வைத்தால்.

எல்டர்பூ சர்பத்தை ருசி பார்க்கிறேன்.
சர்க்கரையில் மிச்சம் பிடித்தது
நாக்கில் தெரிகிறது.
எங்கள் விருந்துகளில் ஒரு வழக்கம்:
நடுவில் யாராவது "கசக்குது!" என்று கத்துவார்கள்,
கூட்டமே சேர்ந்துகொள்ளும்,
மணமக்கள் முத்தமிட்டு
அதை இனிப்பாக்க வேண்டும்.

"எப்படி இருக்கு?" மரத்திலிருந்து குரல்.
"கசக்குது" என்றேன்,
நிஜமாகவே.

ஏணி ஆடத் தொடங்கியது.
அவன் இறங்கிக்கொண்டிருக்கிறான்,
ஒவ்வொரு படியாக,
கண்ணை மூடிக்கொண்டு.
ஒரு கையில் சர்பத்,
மறு கையால் ஏணியைப் பிடித்தேன்.
பொட்டலம் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.